ஐந்தாவது வயர்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தேழு. இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சீடருக்கு மட்டும் முதல் மாதம் கொஞ்சம் இருந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது.

குருவின் பெயர் கோகிலவாணி. பெருந்துறையிலிருந்து காங்கேயம் போகிற சாலையில், டயர் கடைக்கும் எடை மேடைக்கும் நடுவே அவளுடைய பட்டறை. காரில் கரண்ட் ஓடுகிற இடம் எதுவானாலும் அங்கே பார்ப்பார்கள். கோவையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷம் வயரோடு வயராகக் கிடந்துவிட்டு வந்து, சொந்தமாகத் திறந்த கடை. வாணி அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் பதில் வரும். ஆனால் உடனே வராது, கேட்டபடியும் வராது.

சீடர் சென்னியப்பன் நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவர். நானூற்றி நாற்பது வோல்ட்டைக் கட்டி மேய்த்த கை. மில்லை இழுத்து மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து, ஓடுகிற மிக்ஸியைக் கழற்றி ஓடாத மிக்ஸி ஆக்கிக்கொண்டிருந்தார். "எங்கியாச்சும் போயி எதையாச்சும் கழட்டுங்க, என்ற சமையக்கட்டை மட்டும் உட்டுருங்க" என்று அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டதில், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வாணியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

"பன்னெண்டு வோல்ட்டுதானுங்களே? அதைய நாக்குல வெச்சே பாக்கலாமே," என்றார் வந்த அன்றைக்கு.

வாணி ஒரு டெஸ்ட் லேம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல பாருங்கண்ணா. நாக்கு சாப்பாட்டுக்கு வேணும்."

அன்றிலிருந்து அவர் சீடர். அவளை 'அம்மணி' என்பார். அவள் 'அண்ணா' என்பாள். ஒருவரையொருவர் 'ங்க' போடாமல் பேசியதில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ரிலேயை மாற்றுகிறவர், புதிதாக மாட்டும் ரிலேயின் முதுகில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் தேதியையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும். கழற்றிய பழைய ரிலேயைத் தூக்கி எறியக் கூடாது. வண்டி நம்பரைச் சீட்டில் எழுதிக் கட்டி, சுவரில் இருக்கிற ஆணியில் தொங்கவிட வேண்டும். சென்னியப்பனுக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. 'செ' என்று எழுதும்போது கொஞ்சம் பெரிதாகவே எழுதுவார்.

அப்படிப் பெரிதாக எழுதிய 'செ' ஒன்று, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செத்துத் திரும்பி வந்தது. அந்த வண்டியில் முதலில் செத்தது கம்பெனி மாட்டிய ரிலே. இரண்டாவது 'செ'. இப்போது வந்த மூன்றாவதும் 'செ'.

அது கூடப் பரவாயில்லை. வண்டி அவருடைய சம்பந்தியுடையது.

சம்பந்தி நாச்சிமுத்துவுக்குக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் களம். சென்னியப்பனின் ஒரே மகள் இளமதியை அவர் வீட்டில்தான் கொடுத்திருக்கிறது.

"மறுக்காவும் போயிருச்சுங்க சம்மந்தி," என்று சாவியை நீட்டினார் நாச்சிமுத்து. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எதெதுங்க போச்சு?"

"அதேதானுங்க. செட்டு பாடல. செல்லு சார்ஜ் ஏறல. சைடு கண்ணாடி மடங்கல. வைப்பரும் நின்னுபோச்சு. தாராபுரத்துல ஒரு கண்ணாலம். ஊதியூர் தாண்டுனதும் சோன்னு மழை. வைப்பரு பாதியில நின்னுக்கிச்சு. புளியமரத்தடியில வண்டிய ஓரங்கட்டிட்டு முக்கா மணி நேரம் உக்காந்திருந்தோம். நாங்க போய்ச் சேரையில பந்தியில எலை எடுத்துட்டு இருந்தாங்க."

"அடடா."

"அது கெடக்குதுங்க. ஞாயித்துக்கெழமை பழனி. பேரனுக்கு மொட்டை. வண்டி நெறைய ஆளு, கைக்கொழந்தை வேற."

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தத் தடவை நிக்காதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதுமுங்க. இல்லீன்னா கோயமுத்தூரு கம்பெனிக்கே உட்டுர்றேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு சம்பந்தி சொன்னால், அதை வைத்துக்கொள்ள மனசைத் தவிர வேறு இடம் கிடையாது.

"நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் இளமதி போன் செய்தாள்.

"அப்பா, வண்டி வந்துருச்சா?"

"வந்துருச்சு கண்ணு."

"மாமா ஒண்ணுமே சொல்றதில்லப்பா. அத்தைதான் ஆரம்பிச்சுட்டாங்க. வீட்ல பல்பு எரியலைன்னாலும், 'உங்கப்பனைக் கூப்புடு, மூணு தடவை மாத்துவாரு'ங்கறாங்க. எல்லாரும் சிரிக்கறாங்கப்பா."

"நீயி என்ன சொன்னே?"

"நானும் சேந்து சிரிச்சேன். வேற என்ன பண்றது?"

சென்னியப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மில்லில் ஒரு ஷிஃப்டே அவர் சொல்லுக்கு நின்றது, ஓடியது. இப்போது மகள் அவர் பேரைச் சொல்லி மாமியார் வீட்டில் சிரிக்க வேண்டியிருக்கிறது.

வேலையில் இறங்கினார்.

ரிலே என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தீப்பெட்டியில் பாதி இருக்கும். அது ஒரு வாசல்காரன் மாதிரி. காரில் சாவியை ஒரு சுற்றுத் திருப்பினால், சின்னக் கரண்ட் ஒன்று போய் அவனைத் தட்டி எழுப்பும். அவன் எழுந்து, பெரிய கரண்ட்டுக்குக் கதவைத் திறந்துவிடுவான். எழுந்திருக்கும் சத்தம்தான் 'டிக்'. கதவு நிஜமாகவே திறந்ததா என்பது வேறு விஷயம்.

சென்னியப்பன் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என்றால், சத்தம் வருகிறது, ரிலே நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருப்பார். இப்போது அவ்வளவு பச்சைப் பிள்ளை இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு காட்டியது. அதையும் நம்பவில்லை. டெஸ்ட் லேம்பை வைத்தார். பல்ப் எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மினுக்கியது. பக்கத்திலேயே ஹாரனுக்கு இருக்கும் ரிலே, அச்சு அசலாக அதே மாதிரி. அதைப் பிடுங்கி இதில் செருகினார். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது, வைப்பர் ஆடியது, கண்ணாடி மடங்கியது. அதைக் கழற்றித் திரும்ப ஹாரனுக்கே மாட்டினார்.

ரிலேதான் போயிருக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. போன தடவையும் இல்லை. அதற்கு முந்தின தடவையும் இல்லை.

செத்த ரிலேயை எடுத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு, வாணியிடம் போனார். அவள் ஒரு ஹெட்லைட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, ஒரே வண்டியில மூணு ரிலே. எதுக்குங்க இப்படிச் சாகுது?"

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"சரக்கு சரியில்லீங்க. இப்பெல்லாம் எவனுங்க ஒழுங்காப் பண்றான்?"

"மூணும் ஒரே கம்பெனிங்களா?"

"இல்லீங்க. மூணும் வேற வேற."

வாணி மூன்றையும் வாங்கி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி மூடியைக் கழற்றி வரிசையாக வைத்தாள். மூன்றிலும் உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பிக் காயில் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது. மூன்றிலும் கரண்ட் தாண்டிப் போகிற பாயிண்ட் மட்டும் கருகிக் குழி விழுந்திருந்தது. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்கவே வேண்டாம்.

"இந்த ரிலேயில இருந்து யாராருக்குங்க கரண்ட் போகுது?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"எழுதிக் குடுங்க."

அவர் ஒரு அட்டையில் எழுதினார். செட், சார்ஜர் சாக்கெட், சைடு கண்ணாடி, வைப்பர். மொத்தம் நாலு. கீழே கோடு இழுத்து நீட்டினார்.

வாணி அட்டையைப் பார்த்தாள். கருகிய பாயிண்டுகளைப் பார்த்தாள். திரும்ப அட்டையைப் பார்த்தாள்.

"அஞ்சாவதும் எழுதுங்க."

"அஞ்சாவது இல்லீங்களே."

"இருக்குதுங்கண்ணா."

"வண்டி பூரா பாத்தாச்சுங்க அம்மணி."

"பூராவுங்களா?"

"பூராவும்."

வாணி ஹெட்லைட்டுக்குத் திரும்பிவிட்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சென்னியப்பன் திரும்பப் போய் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தார். அதற்குள் போகிற வயர், வருகிற வயர் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்தார். சீட்டைக் கழற்றினார். தரைவிரிப்பைத் தூக்கினார். வேர்க்கடலைத் தோலும், பேரனுடைய ஒரு சின்ன சாக்ஸும் கிடைத்தன. சாக்ஸைத் தட்டி டேஷ்போர்டு மேல் வைத்தார். சம்பந்தி எங்காவது திருட்டுத்தனமாக வெளி மெக்கானிக் யாரையாவது விட்டு விளக்கு கிளக்கு மாட்டியிருப்பாரோ என்று நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. தேடினார். ஒன்றும் இல்லை.

டிக்கியைத் திறந்தார். அங்கே ஸ்பீக்கர் பாக்ஸ் இருந்தது. பேரனுக்குத் தொட்டில் போட்ட அன்று, பெண் வீட்டுச் சீராக சென்னியப்பன் கொடுத்தது. எல்லோரும் வெள்ளி அரைஞாணும் குடமும் வைத்தபோது, இவர் கூடவே ஒரு ஆள் தூக்க முடியாத பாக்ஸையும் அதற்கு ஆம்ப்ளிஃபையரையும் கொண்டுபோய் இறக்கி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார். மேலே தங்க எழுத்து ஸ்டிக்கரில் அவர் பேரும் மனைவி பேரும் இருக்கும். தூசி படிந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, எழுத்துத் தெரிகிற மாதிரி துடைத்தார். பிறகு பாக்ஸைப் பக்குவமாக நகர்த்தி வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் ஏதாவது வயர் இருக்கிறதா என்று தேடினார்.

ஹெட்லைட்டில் இருந்து நிமிர்ந்து, வாணி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வைத்துவிட்டுச் சென்னியப்பன் மறுபடி வந்து நின்றார்.

"தோத்துட்டனுங்க அம்மணி. நாலுதான் இருக்குது."

வாணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு புது ரிலேயை எடுத்து ஃபியூஸ் பாக்ஸில் செருகினாள். அவர் வழக்கப்படி பெயிண்ட் பேனாவை எடுத்தார்.

"இப்ப எழுத வேண்டாமுங்க," என்றாள். டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க சம்மந்தி பாட்டுக் கேப்பாருங்களா?"

"அவருங்களா? ரோட்டுல வந்தாருன்னா ரெண்டு ஊருக்குக் கேக்குமுங்க. ஆசையா வெச்சுருக்காரு."

"இங்க வண்டியைப் பாக்கறப்ப நீங்க பாட்டு வெச்சுப் பாத்தீங்களா?"

"பட்டறையில எதுக்குங்க பாட்டு?"

"அவர் வெக்கற மாதிரி இப்ப வைங்க."

அவர் ஜன்னல் வழியாகக் கைவிட்டு, செட்டில் ஒரு முருகன் பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பினார். பாக்ஸ் உறுமியது. பட்டறையின் தகரக் கூரை சேர்ந்து பாடியது. டயர் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"ரிலே மேல வெரலை வைங்க," என்று கத்தினாள் வாணி.

"எவ்வளவு நேரமுங்க?"

"வெச்சுட்டே இருங்க."

வைத்தார். முதல் பாட்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. மூன்றாவது பாட்டு பாதி போவதற்குள் விரலை வெடுக்கென்று எடுத்து உதறினார்.

வாணி சத்தத்தை நிறுத்தினாள்.

சென்னியப்பன் ஃபியூஸ் பாக்ஸுக்குள் குனிந்தார். ரிலேயின் அடியில் கம்பெனி போட்ட வயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றோடு ஒன்றாகத் தடித்த சிவப்பு வயர் ஒன்று. சேர்த்த இடத்தில் கறுப்பு டேப், பிசிறு இல்லாமல், முனையை உள்பக்கம் மடித்துச் சுற்றியிருந்தது. மில் சுற்று. அந்தச் சுற்றை அவர் இருபத்தெட்டு வருஷம் மில்லில் வேலை பழகவந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டு வாசலில் வைத்து, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவரே சுற்றியது. பாக்ஸுக்குத் தனியாக பேட்டரியில் இருந்து வயர் இழுத்தால் நேரமாகும், காப்பி ஆறிவிடும் என்று, கைக்கு எட்டின ரிலே வயரிலேயே சேர்த்துவிட்டார். பன்னிரண்டு வோல்ட்டில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். நாலு பேருக்குத் திறக்கிற வாசல்காரன் தலையில் ஒரு யானையை ஏற்றிவிட்டு, கால் ஒடிகிறதே என்று மூன்று வாசல்காரனை மாற்றியிருக்கிறார்.

அந்த வயரைக் காலையிலிருந்து நான்கு முறை பார்த்திருந்தார். நான்கு முறையும், இது நம்ம சுத்துனது, இதுல ஒண்ணும் இருக்காது என்று தாண்டிப் போயிருந்தார்.

காது மடல் வரைக்கும் சூடேறியது. அவமானம்தான், வேறென்ன. கம்பெனிக்காரனைத் திட்டியதும், சம்பந்தி மேல் சந்தேகப்பட்டதும், பாக்ஸைத் துடைத்துத் துடைத்து நகர்த்தி வைத்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

அட்டையை எடுத்து, கோட்டுக்குக் கீழே 'பாக்ஸ்' என்று எழுதி வாணியிடம் கொடுத்தார். அவள் வாங்கி மேசையில் வைத்தாள்.

"சாப்ட்டு வந்து வேலையைப் பாருங்கண்ணா. தூக்கு அப்படியே இருக்குது."

சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் வேலை நடந்தது. சிவப்பு வயரை அந்த இடத்திலிருந்து பிரித்தார். பேட்டரியிலிருந்து பாக்ஸுக்கு நேராகப் புது வயர் இழுத்தார். பேட்டரி ஓரமாகவே அதற்கென்று ஒரு ஃபியூஸ், அதற்கென்று ஒரு பெரிய ரிலே. பழைய ரிலேக்குப் பழைய நாலு பேர் மட்டும். முடிந்ததும் யாரும் சொல்லாமலே சத்தத்தை முழுசாக வைத்து, விரலை வைத்துக்கொண்டு மூன்று பாட்டு கேட்டார். ரிலே சில்லென்று இருந்தது. நாலாவது பாட்டையும் கேட்டார். இந்த முறை அது பிடித்துப்போனதால்.

மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது.

"அம்மணி, சம்மந்தி வந்து என்ன கோளாறுன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"வண்டி அவரோடது. வயரு உங்களோடது. நடுவுல நான் யாருங்க?"

"ரிலே சின்னது, பெருசாப் போட்டுட்டேன்னு சொன்னாலும் பொய் இல்லீங்களே? பெருசாத்தானே போட்டிருக்குது?"

"பொய் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு வாணி டீ சொல்லப் போய்விட்டாள்.

வாணி மறுத்திருந்தால் வாதாடியிருப்பார். ஒத்துக்கொண்டதுதான் கஷ்டமாகப் போயிற்று. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். சம்பந்தியம்மாள் காதுக்குப் போகும். பழனி போகிற வழியெல்லாம் இதே பேச்சு ஓடும். இளமதி நடுவில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும்.

நாச்சிமுத்து வந்தார். சாவியைத் திருப்பினார். வைப்பர் ஆடியது. கண்ணாடி மடங்கி விரிந்தது.

"என்னதானுங்க கோளாறு, சம்மந்தி?"

சென்னியப்பன் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நாந்தானுங்க."

"என்னங்க?"

"பாக்ஸுக்கு நான் வயர் குடுத்த எடம் தப்புங்க. நீங்க பாட்டு வெச்சீங்கன்னா, அந்த லோடு பூராவும் இந்தச் சின்ன ரிலே தலையில ஏறிக்கும். அது கருகிச் செத்துரும். கம்பெனி மேல தப்பில்லீங்க. வண்டி மேலயும் தப்பில்ல. தாராபுரத்துல நீங்க எலை எடுக்கறப்பப் போய் நின்னதுக்கு நாந்தான் காரணமுங்க. இப்ப தனி வயரு போட்டாச்சு. இனி நிக்காது."

நாச்சிமுத்து வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். துடைத்துப் பளபளத்த தங்க எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப பாட்டு வெச்சாத்தான் ரிலே போகுதுங்களா?"

"சத்தமா வெச்சாங்க. கம்மியா வெச்சா ஒண்ணும் ஆயிருக்காது."

"இனிமேலு?"

"இனிமேல் எவ்வளவு சத்தம் வேணும்னாலும் வைங்க. தாராளமா."

நாச்சிமுத்துவின் முகம் வாடிப்போயிற்று. வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னதற்கு இப்படி ஒரு முகத்தை சென்னியப்பன் பார்த்ததே இல்லை.

"நான் ஒண்ணு சொல்றேனுங்க. தப்பா நெனைக்கப்படாது."

"சொல்லுங்க."

"எனக்குச் சத்தம் ஆகாதுங்க. சின்ன வயசுல இருந்தே ஆகாது. திருவிழாவுல கொட்டுச் சத்தம் கேட்டாவே நான் தள்ளிப் போயி நின்னுக்குவேன். நீங்க அவ்வளவு ஆசையாக் கொண்டாந்து மாட்டுனீங்க. கம்மியா வெச்சா, எங்கப்பன் குடுத்தது இவிங்களுக்குப் புடிக்கலன்னு உங்க புள்ளை மனசு சங்கடப்படுமேன்னு, அந்தப் புள்ளை வண்டியில ஏறுனாவே முழுசாத் திருப்பி வெச்சுருவனுங்க."

அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு ரெண்டு உருண்டைப் பஞ்சை எடுத்துக் காட்டினார்.

"காதுல இதை வெச்சுட்டுத்தான் ஓட்டறது."

சென்னியப்பன் பஞ்சைப் பார்த்தார். மூன்று ரிலே எதனால் கருகியது என்று இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. தன் மகள் இப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைத்தபோது, காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது விலகிப்போயிற்று.

"கம்மியாவே வைங்க சம்மந்தி. வெக்காமயே போனாலும் சரி. புள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நெசமாலுமே?"

"நெசமாலும்."

நாச்சிமுத்து பஞ்சை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டார். டீ வந்தது. மூன்று பேரும் நின்றபடியே குடித்தார்கள்.

"கோயமுத்தூருக்கு உடறதாச் சொன்னீங்களே?" என்றார் சென்னியப்பன்.

"எதுக்குங்க? கோயமுத்தூர்ல எவன் நாந்தான்னு சொல்லுவான்?" நாச்சிமுத்து டம்ளரை வைத்தார். "ஞாயித்துக்கெழமை நீங்க பஸ்ஸுல கிஸ்ஸுல வர வேண்டாம். அஞ்சு மணிக்கு வந்துருங்க. முன்சீட்டுல எம்பக்கத்துல உக்காந்துட்டு வாங்க. வூட்ல எதாச்சும் சொன்னாங்கன்னா பாட்டை வெச்சுரலாம்."

வண்டி சாலையில் ஏறிக் காங்கேயம் பக்கம் திரும்பிப் போனது. பாட்டுச் சத்தம் கேட்கவே இல்லை. சென்னியப்பன் அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். மனசு லேசாக இருந்தது.

உள்ளே வந்தபோது வாணி ஹெட்லைட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது அம்மணி?"

"மூணு ரிலேயும் சேத்துப் பாத்தப்ப, அஞ்சாவது ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சுது. நீங்க டிக்கியில அதைத் தொடைக்கறப்பத்தான் எதுன்னு தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

சென்னியப்பன் யோசித்தார். இன்றைக்கு இனிப் பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

"மாட்டனுங்க. மில்லுல இருபத்தெட்டு வருச சர்வீஸ்னு ஆரம்பிச்சிருப்பேன்."

வாணி ஹெட்லைட்டின் கடைசி ஸ்க்ரூவை முறுக்கினாள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மணி, இனிமே ஒரு வண்டி கோளாறுன்னு வந்தா, மொதல்ல எங்கீங்க பாக்கோணும்?"

"கடைசியா யாரு கை வெச்சாங்களோ, அங்கீங்க."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது நானா இருந்துட்டா?"

வாணி நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப வேலை சுலபமுங்கண்ணா. ஆளைத் தேடி அலைய வேண்டியதில்ல."